குப்புறவியல்: ஓர் அறிமுக ஆய்வு

பழைய அச்சுக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கைக்கு வந்தால், சாதாரண மனிதர் அதன் பூவேலைப்பாட்டை ரசிப்பார். குப்புறவியலார் அதைக் கவிழ்ப்பார். விருந்துக்குப் போன வீட்டில் கவிழ்க்குமுன், உள்ளே சர்க்கரை உண்டா என நோக்குதல் இத்துறையின் முதல் நெறி. பட்டறிவால் அமைந்தது என்ப.

ஆய்வுப்பொருள் ஊதிச் செய்த கண்ணாடி அன்று. உருகிய குழம்பை இரும்பு அச்சிலிட்டு, உலக்கை போன்ற தண்டால் மேலிருந்து அழுத்தி எடுத்தது. 1820களில் அமெரிக்காவில் வளர்ந்த இம்முறையால், பட்டை தீட்டிய கண்ணாடி வாங்க முடியாத வீடுகளுக்கும் பளபளப்பு வந்தது. ஐயம் வரின் விரலை உள்ளே விடுக. வழவழப்பாக இருந்தால் அழுத்தியது. வெளியே மேடானது உள்ளே பள்ளமானால் அச்சுக்குள் ஊதியது.

கவிழ்த்தபின் தேடவேண்டியது விலங்கு. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த சோவர்பி ஆலை, 1876 முதல் மயில்தலை பொறித்தது. தேய்ந்த கிண்ணத்தில் அது மயிலா கோழியா என்பது தீராத வழக்கு. அதே ஊர் டேவிட்சன் ஆலைக்குக் கோட்டை மகுடத்திலிருந்து எழும் சிங்கம். சண்டர்லாந்தின் கிரீனருக்கும் சிங்கமே; ஆனால் அதன் கையில் நட்சத்திரம், பிற்காலத்தில் கோடரி. எனவே ‘சிங்கம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர் கற்றுக்குட்டி. சிங்கத்தின் கையில் என்ன என்பதே கேள்வி. நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு அது ஏன் கோடரி எடுத்தது என்பதற்குத் தனி ஆய்வேடு வேண்டும்.

இனிச் சாய்சதுரம். 1842 முதல் 1883 வரை பிரிட்டிஷ் வடிவப் பதிவு அலுவலகம் வழங்கிய குறி இது. உச்சி வட்டத்தில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடி. நான்கு மூலைகளில் நாள், மாதம், ஆண்டு, பதிவுக்கட்டின் எண். ஆண்டுக்கு எழுத்து, அதுவும் அகரவரிசையில் இல்லை. 1842க்கு எக்ஸ், அடுத்து எச், பிறகு சி, பிறகு ஏ. நெடுங்கணக்கை ஒருமுறையாவது ஒப்பித்தவர் இதைச் செய்திருக்க மாட்டார்! இருபத்தாறு ஆண்டுகளில் எழுத்துகள் தீர்ந்தன. 1868இல் மீண்டும் எக்ஸிலிருந்தே தொடங்கினர். குழம்பாதிருக்க ஆண்டெழுத்தை உச்சி மூலையிலிருந்து வலமூலைக்கு நகர்த்தினர். ஆகவே உச்சியில் எக்ஸ் எனில் 1842, வலத்தில் எக்ஸ் எனில் 1868 என்று கொள்க.

அங்ஙனமாயின் கிண்ணம் செய்த ஆண்டு கிடைத்ததன்றோ எனின், அன்று. என்னை? அது வடிவத்தைப் பதிந்த நாள். கிண்ணம் பிறந்த நாளன்று. ஒரே அச்சு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பதிந்தவர் பெயரை அறிய, லண்டன் கியூ ஆவணக் காப்பகத்துப் பேரேடுகளைப் புரட்டவேண்டும். 1884இல் இந்தப் புதிரைக் கைவிட்டு, வெறும் தொடர் எண்ணைக் கொண்டுவந்தார்கள். 1885ஆம் ஆண்டு 19754இல் தொடங்கும், சிறுபிள்ளையும் கண்டுபிடித்துவிடும். புலமைக்கு நேர்ந்த பேரிழப்பு.

குறியே இல்லாத கிண்ணங்களே மிகுதி. அவற்றின் கோலத்தைக் கொண்டு ஆசிரியரைத் துணியலாம் என்பார்க்கு அமெரிக்கா விடை சொல்கிறது. 1891இல் அங்கே பல ஆலைகள் யுனைடெட் ஸ்டேட்ஸ் கிளாஸ் கம்பெனியாக இணைந்தபோது, அச்சுகளும் ஒரு குடும்பச் சொத்தாயின.

குறி இருந்தாலும் நிம்மதி இல்லை. ஒஹையோ மாநிலம் நியூவர்க்கின் ஹைசி ஆலை, சாய்சதுரத்துக்குள் எச் எழுத்தைப் பொறித்துவந்தது. 1957இல் அது மூடப்பட, மறு ஆண்டு இம்பீரியல் நிறுவனம் அச்சுகளை வாங்கி, பழைய குறி அழியாமலே சிலவற்றை வார்த்தது. தகப்பன் பெயரைத் தாங்கிய தத்துப்பிள்ளைகள் சந்தைக்கு வந்தன. பிறகு இம்பீரியலும் மூடியது. ஹைசி சேகரிப்பாளர் சங்கத்தார் வாதிட்டுக் களைத்தார்களோ என்னவோ, 1985இல் ஏறக்குறைய எல்லா அச்சுகளையும் தாங்களே விலைக்கு வாங்கிவிட்டார்கள். பாடபேதம் தொல்லை தருகிறதென்று எழுத்தாணியையே வாங்கிப் பூட்டிவைத்த பதிப்பாசிரியர்கள் உலகில் இவர்கள் மட்டும்தான்.