சம்மட்டி வேண்டாம்

கேள்வி: தண்ணீர், தூசு, அடி எல்லாவற்றையும் தாங்கும் என்று மெமரி கார்டு டப்பாவிலேயே போட்டிருக்கிறார்களே, நாமே சோதித்துப் பார்க்க வழி இருக்குங்களா?
– கல்யாண போட்டோகிராஃபர் ஒருவர், காந்திபுரம், கோவை.

பதில்: அந்தப் பாவத்தை வேறு ஆட்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். 2004இல் ஒரு பிரிட்டிஷ் கேமரா பத்திரிகை ஐந்து வகைக் கார்டுகளைக் காபியில் முக்கியது, வாஷிங் மெஷினில் சுழற்றியது, ஆறு வயதுப் பையன் கையிலும் கொடுத்தது. பையனையும் மீறிப் பிழைத்தன! சம்மட்டிக்கும் மரத்தில் வைத்து அடித்த ஆணிக்கும்தான் பெரும்பாலானவை தோற்றன.

சோனி 2018இல் அறிவித்த 'டஃப்' எஸ்.டி. கார்டு, 5 மீட்டர் ஆழத்தில் 72 மணி நேரம் கிடந்தாலும் தாங்குமாம். சாதாரணக் கார்டில் முதலில் உடைவது ஓரத்துப் பூட்டு ஸ்விட்சும், பின்புறத் தங்கப் பட்டைகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் வரப்பும். டஃப்பில் இரண்டையுமே எடுத்துவிட்டார்கள். இல்லாதது எப்படி உடையும்?

ஆனால் மண்டபத்தில் கார்டுக்கு எமன் தண்ணீர் அல்ல. பதிவாகும்போதே உருவுகிற அவசரமும், 128 ஜிபி என்று அச்சடித்த போலியும். போலியில் நிஜமான இடம் தீர்ந்த பிறகும் கேமரா வாய் திறக்காமல் எழுதிக்கொண்டே போகலாம். வீட்டில் திறந்தால் இணைச்சீர்ச் சடங்கு இருக்கும், தாலி கட்டு இருக்காது. 'எஃப்3' என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, குட்டை உடைத்துவிடும். முந்தின நாளே ஓட்டிவிடுங்கள். முகூர்த்தம் முடிந்து, சடங்கை நடத்திவைத்த அருமைக்காரரிடம் "இன்னொரு டேக்" கேட்க முடியாதுங்களே!