42-ஆம் வரி செய்த பாவம்

நேற்று ராத்திரி ஒன்றே முக்கால் வரை என் நிரலின் 42-ஆம் வரியை முறைத்துக்கொண்டிருந்தேன். ‘இன்வேலிட் சின்டாக்ஸ்’ என்று பைத்தான் கைகாட்டிய வரி. பாவம், அதில் இருந்தது ஒரே ஒரு பிரிண்ட். அழித்துத் திரும்ப அடித்தேன். ஸ்பேஸ் விட்டு அடித்தேன். கடைசியில் வரியையே தூக்கினேன். பழி அடுத்த வரிக்கு நகர்ந்தது.

குற்றவாளி 41-இல் இருந்தான். நான் மூட மறந்த அடைப்புக்குறி.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கடைசி பெஞ்சில் எவனோ விசிலடிப்பான். வாத்தியார் திரும்பும்போது எதிரே உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்பான். “என்ன சார் செஞ்சேன்?” “நீ செஞ்சது செல்லாது.” “எது சார்?” “போடா வெளியே.” அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் மறுபடி விசில். இப்போது பக்கத்தில் இருந்தவன் வெளியே. இப்படியே மொத்த வகுப்பும் வராந்தாவில் முட்டி போடும். உள்ளே மிஞ்சுவது வாத்தியாரும் விசிலடித்தவனும்தான். அந்த வராந்தாவில் பத்து வருஷமாக என் முட்டி தேய்கிறது. (எட்டாம் வகுப்பில் முதலில் வெளியே போனவனும் நானே. விசிலடித்தவன் இதைப் படித்தால், நான் இன்னும் மறக்கவில்லை.)

2021-இல் வந்த பைத்தான் 3.10-இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள். ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை’ என்று சரியான வரியையே காட்டும். எங்கள் ஆபீஸில் 3.8.

நல்ல பிழைச்செய்திக்கு மூன்று இலக்கணம் உண்டு என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலாவது... இருங்கள், யூனிக்ஸில் கென் தாம்ஸன் எழுதிய ‘எட்’ என்ற எடிட்டர் ஞாபகம் வருகிறது. என்ன தப்பு செய்தாலும் அதன் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் அப்பா. பிஎச்பி மொழி வேறு ரகம். ‘::’ இடம் மாறி விழுந்தால், எதிர்பாராத ‘பாமாயிம் நெக்குடோட்டாயிம்’ என்று வருஷக்கணக்கில் மிரட்டியது. ஹீப்ருவில் அதற்கு இரட்டை முக்காற்புள்ளி என்று அர்த்தமாம். நான் வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன்.

1972-இல் பிரின்ஸ்டன் மாணவர்கள் இருவர் கிண்டலுக்காக உருவாக்கிய இன்டர்கால் என்ற நிரல்மொழி, நிரலில் ‘ப்ளீஸ்’ குறைந்தால் மரியாதை போதாது என்று தள்ளிவிடும். கூடினால் ரொம்பக் குழைகிறாய் என்று தள்ளிவிடும். கிண்டல் மொழிக்குக்கூடக் காரணம் சொல்லித் திட்டத் தெரிந்திருக்கிறது!

காலையில் முதல் வேலையாக, பைத்தானை மாற்றித் தரச் சொல்லி சிஸ்டம் அட்மினுக்கு டிக்கெட் போட்டேன், அளவாக இரண்டு ப்ளீஸ் சேர்த்து. மத்தியானம் மூடிவிட்டார்கள். காரணம்: ‘இன்வேலிட் ரிக்வெஸ்ட்’.

எனக்கு முன்னால் டிக்கெட் போட்டது யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.