பஞ்சர் மீமாம்சை: நெடுவழிச் சைக்கிள் கூட்டங்களில் சுயபலமும் பரோபகாரமும்

ஜீவனுக்கும் ஈசுவரனுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கப் புகுந்த வைஷ்ணவ ஆசாரியர்கள், குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல ஜீவனிடத்தும் சிறிது முயற்சி வேண்டும் என்று வடகலையார் மர்க்கட நியாயத்தையும், பூனைக்குட்டி ஒன்றும் செய்யாதிருக்கத் தாயே அதைக் கவ்விக்கொண்டு போவதுபோல அருள் தானே வந்து ஆட்கொள்ளும் என்று தென்கலையார் மார்ஜார நியாயத்தையும் நிலைநாட்டினார்கள் என்பது கற்றோர் அறிந்த விஷயம். இவ்விரு நியாயங்களும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மதுரையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் புறப்படும் சைக்கிள் கூட்டத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துவதை வியாக்கியானகாரர்கள் கவனியாது விட்டார்கள். அவர்கள் காலத்தில் சைக்கிள் இல்லை என்ற சமாதானத்தை ஏற்று, அவர்களை மன்னித்து, மேலே செல்வோம்.

முதலில் பூர்வபட்சம். நெடுந்தூரம் போகிறவன் தனக்கு வேண்டியதைத் தானே சுமக்க வேண்டும். மாற்று டியூப் ஒன்று, டயரை நெம்பும் லிவர் இரண்டு, ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்பு, சிறிய ஸ்பானர், விளக்கு, தண்ணீர் ஆகிய இவ்வளவும் இல்லாதவன் புறப்படவே அருகனல்லன் என்பது இக்கட்சியாரின் கொள்கை. இதற்குப் பிரமாண நூலாக அவர்கள் காட்டுவது, பிரான்சு தேசத்து ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்ற சபை வகுத்ததும், நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா என்ற சபையின் பெயரால் நடந்து வருவதுமான ‘பிரெவே’ பிரயாணங்களின் விதிகளை. 200 கிலோமீட்டரை 13½ மணிக்குள்ளும், 300-ஐ 20 மணிக்குள்ளும், 600-ஐ 40 மணிக்குள்ளும் முடிக்க வேண்டும்; பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது; பின்தொடரும் கார் கிடையாது; வெளியார் கைங்கரியம் எதுவானாலும் சோதனைச் சாவடியில் மட்டுமே செல்லும்.

இவ்விதியின் உக்கிரத்துக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 1913-ஆம் வருஷத்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரனீஸ் மலையின் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த யூஜீன் கிறிஸ்தோஃப் என்பவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்துபோயிற்று. அவர் சைக்கிளைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்ட் மரி டெ காம்பான் என்ற கிராமத்துக் கொல்லன் உலையை அடைந்து, பந்தய அதிகாரிகள் கண் கொட்டாமல் பார்த்திருக்க, இரும்பைத் தாமே காய்ச்சித் தாமே அடித்துச் சரிசெய்தார். கைகள் இரண்டும் வேலையில் இருந்தபடியால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அந்தத் துருத்திக் காற்றைப் பிறர் உதவி என்று கணக்கிட்டு அதிகாரிகள் அவருக்குப் பத்து நிமிஷம் தண்டம் விதித்தார்கள். பிற்பாடு வெட்கப்பட்டோ என்னவோ, குறைத்தார்கள்.

இந்த நியாயத்தைச் செக்கானூரணியில் அமல் நடத்துவதாக ஒரு கணம் பாவித்துப் பாருங்கள். ஒருவன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்த மாத்திரத்தில், டீக்கடையிலிருந்து ஒருவர் கேளாமலே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், ஆடு மேய்க்கும் பெரியவர் “என்னா தம்பி, முள்ளா?” என்று குந்தி, இவன் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் முள்ளைக் கையில் எடுத்துக் காட்டுவார், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் பெடலைச் சுற்றிவிட்டுச் சக்கரம் ஓடுகிறதா என்று பரீட்சிப்பான், போகிற பஸ்ஸின் டிரைவர்கூட வேகத்தைக் குறைத்து ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார். தலைக்குப் பத்து நிமிஷம் என்று தண்டம் போட்டால், அந்தப் பிரயாணி ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடக்கப் பௌர்ணமி வந்துவிடும். ஆகையால் பிரான்சு தேசத்துச் சாஸ்திரம், ஜனநெருக்கமும் விஷயஞானமும் குறைந்த மலைப்பிரதேசங்களுக்கே பொருந்தும் என்பது பெறப்படுகிறது.

பூர்வபட்சத்தார் இதற்கு விடை கூறுவார்கள்: ‘பாத்திரத்துத் தண்ணீரும் பெரியவரின் கண்ணும் கிடைக்கலாம், டியூப் கிடைக்குமா?’ இக்கேள்வியில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது. சற்று நின்று ஆராய வேண்டும்.

பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியரான ஜான் பாய்ட் டன்லப் என்பவர் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெறும்வரை சைக்கிளோட்டிகள் கெட்டி ரப்பர்மேல் எலும்பு அதிர ஓடினார்கள். பஞ்சர் என்னும் அனுபவம் அவர்களுக்கு இல்லை. அது நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த காலத்தில் ஒரு விசேஷ நன்மையோடு வந்தது. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று பெயர் பலவாயினும், 1949-இல் தொடங்கிய டி.ஐ. கம்பெனி அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தலைப்பட்ட பின்னும், பெரியவர்கள் ஏறும் சைக்கிளின் சக்கரம் பெரும்பாலும் 28 அங்குலம்தான். கச்சேரிக் குமாஸ்தாவின் டியூப் பால்காரருக்குச் சேரும். பால்காரரின் டியூப் தமிழ் வாத்தியாருக்குச் சேரும். வால்வும் ஒன்றே, அதன்மேல் மாட்டும் வால்டியூப் ஒரு துண்டு தீப்பெட்டிக்குள் கிடந்தால் ஒரு தெருவே பிழைத்துப்போகும். தான் கொண்டுவராததைப் பக்கத்தில் வருபவன் கொண்டுவந்திருப்பான், அவனுடையது தனக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கையின்மேல் அக்காலத்து ஒழுக்கம் நின்றது. சுயபலம் என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்றைய கூட்டத்தைப் பாருங்கள். ஒல்லியான பந்தயச் சைக்கிளின் ரிம் 622 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளில் 559 உண்டு, 584 உண்டு, மறுபடியும் 622 உண்டு. ஆனால் அந்த 622-ன் டியூபை இந்த 622-க்குள் திணித்தால் டயருக்குள் மடிந்து சுருண்டு கிடக்கும். பழைய 28 அங்குலச் சக்கரத்தின் அளவு 635. பந்தயச் சைக்கிளுக்கும் அதற்கும் பதின்மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம். ஆயினும் ஒன்றன் டயர் மற்றொன்றில் சரியாக உட்காராது. வால்விலும் சாதி இரண்டு: மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதைப் போன்ற தடித்த ஷ்ரேடர், நுனியில் திருகு வைத்த ஒல்லிப் பிரெஸ்டா. தடித்த வால்வு ஒல்லித் துளையில் நுழையாது. ஒல்லி வால்வுக்கு உசிலம்பட்டிக் கடையின் கம்ப்ரெஸர் வாய் கொடுக்காது. பன்னிரண்டு பேர் ஒன்றாகப் புறப்பட்டாலும் டியூப் விஷயத்தில் அவர்கள் நாலைந்து தனித்தனி ராஜ்யங்களின் பிரஜைகள். கொடுக்க மனமுள்ளவனிடம் பொருந்துவது இல்லை. பொருந்துவதை வைத்திருப்பவன் இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்விட்டான். சுயபலம் ஒரு சன்மார்க்கமாகப் போதிக்கப்படுவது இந்த நிலைமை வந்த பிற்பாடுதான். அளவுகள் பலவானபோது உபதேசமும் பலமாயிற்று என்பதே நான் கண்ட முடிவு.

இனி ஆயத்தமின்றி வருபவனின் லட்சணம். முதலாவது வகையினன் குரங்குக்குட்டி. அவனிடம் சாமான் இராது, கை இருக்கும். ஆடி மாதத்து மேல்காற்று கணவாய் வழியே பாய்ந்து, அப்பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றி, தேனிக்குப் போகிறவன் மார்பில் மோதுகிற சமயத்தில், முன்னே செல்பவனின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டு வருவான். அவன் கிழித்த காற்றில் இவன் புகுந்து போவான். பஞ்சரானால் லிவரைக் கடன் வாங்குவான்; டயரைத் தானே கழற்றுவான்; சாலையில் காயப்போட்ட கொள்ளுக்கொடி கியரில் சுற்றிக்கொண்டாலும் தானே அறுத்தெடுப்பான். இவனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பூனைக்குட்டியின் விஷயம் வேறு. அவனிடம் எல்லாம் இருக்கும். பதினெட்டு அவயவங்கள் விரியும் சீமை ஸ்பானரை விற்றவன் சுற்றிய காகிதத்தோடு வைத்திருப்பான். அதில் எந்த அவயவம் எதற்கு என்று மட்டும் தெரியாது. பஞ்சரானதும் சைக்கிளைப் பிறர் கையில் ஒப்படைத்து ஓரமாக நின்று, தனக்கு நடைபெறும் உபகாரத்தைப் போட்டோ எடுப்பான். முற்றிய சரணாகதி என்பது இதுவே. இவனுக்குச் செய்யும் உதவியில் ஒரு சூட்சுமம் உண்டு: டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிச் சீமைக் கருவேல முள்ளின் நுனியைத் தேடி எடுக்க வேண்டும். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்காகப் போன அம்மரம், தன் முள்ளைப் பாதி வெளியே முறித்துக்கொடுத்து, மீதியை உள்ளே ஒளித்துவைக்கும் சாமர்த்தியம் உடையது. தடவாமல் மாட்டினால் புது டியூபும் அடுத்த ஊருக்குள் சாகும்.

மூன்றாவதாகத் தாய்ப்பூனை என்ற உபகாரி வர்க்கத்தையும் ஆராயாமல் விடலாகாது. இரண்டு டியூப்களோடு வருகிறவனின் முகத்தைக் கவனியுங்கள். போய் வந்த வழி முழுவதும் ஒருவருக்கும் ஒரு முள்ளும் தைக்கவில்லையென்றால், அவன் நாகமலையைத் திரும்பப் பார்க்கும்போது அம்முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். மேலும், போகும் வழியிலேயே உசிலம்பட்டியில் தன் கடைசி டியூபைத் தானம் செய்தவன், திரும்பும் வழியில் தானே ஆயத்தமில்லாதவனாக மாறிவிடுகிறான். குறை நீங்கவில்லை; ஒருவன் பையிலிருந்து மற்றொருவன் பைக்கு இடம் மாறியிருக்கிறது.

கேட்பவனின் மனோதர்மத்துக்குத் திருவள்ளுவரிடமே வழி உண்டு. அவர் இரப்பதற்கு 106-ஆம் அதிகாரத்தையும், இரப்பதற்கு அஞ்சுவதற்கு 107-ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்தார். பஞ்சரானவன் இவ்வரிசையைப் பின்னிருந்து முன்னாகப் பாராயணம் செய்கிறான். முதலில், காற்று இறங்கியது தனக்கே தெரியாதவன்போல் நின்று, மலையின் அழகை ரசித்து, செல்போனைத் தடவி, தண்ணீர் குடித்து 107-ல் பத்து நிமிஷம் கழிப்பான். கூட்டத்தின் கடைசிச் சைக்கிள் கண்ணுக்கு மறையப்போகும் தறுவாயில், “அண்ணே!” என்ற ஒரே சொல்லால் 106-க்குத் தாவுவான்.

ஆயத்தமில்லாதவனை வெறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1889-இல் பிரான்சு தேசத்துக் கிளேர்மோன் பெரான் ஊரில் மிஷலின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலை வாசலில், டன்லப் டயர் பழுதான ஒரு சைக்கிள்காரன் வந்து நின்றான். அந்த டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம் பிடித்தது. பசை உலர ஓர் இரவு வேண்டியிருந்தது. மறுநாள் எடுவார் மிஷலின் அதில் ஏறிச் சில நூறு மீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிற்று. அந்த எரிச்சலிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய டயர் பிறந்தது. 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் அதை மாட்டிக்கொண்டு ஷார்ல் தெரோன் ஜயித்தார். ஜயித்தவருக்கும் முதலாளிக்கும் பெயர் உண்டு. வெறுங்கையோடு வந்து நின்றவனைச் சரித்திரம் ‘ஒரு சைக்கிள்காரன்’ என்று சொல்லிக் கடந்துவிட்டது. இன்று பூர்வபட்சத்தார் தம் பையில் பெருமையோடு வைத்திருக்கும் லிவர் இரண்டும் அவன் போட்ட பிச்சை.

எஞ்சியிருப்பது கொடுத்த டியூபின் கடன் விவகாரம். புது டியூபுக்குப் புது டியூபே ஈடு என்பது ஒரு கட்சி. முள் தைத்த பழையதை ஒட்டிக் கொடுத்தாலும் கடன் தீரும், ஒட்டு பிடித்த இடம் மற்ற இடத்தைவிடப் பலமுடையது என்பது மறு கட்சி. வழக்கில் இரண்டும் நடப்பதில்லை. வாங்கியவன் திரும்பும் வழியில் உசிலம்பட்டியில் கூட்டம் முழுவதற்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுகிறான். இதில் நெடுநாள் பழகிய உபகாரிகள் மட்டும் ஏமாறுவதில்லை. அவர்கள், “எனக்கு டீ போதும் தம்பி” என்று சொல்லி வடையை மறுத்துவிடுகிறார்கள். ஏனெனில் டீ வட்டியில் சேரும், வடை முதலில் சேரும் என்பது அவர்கள் கணக்கு.