சீட்டதிகாரம்: அமெரிக்க அதிபர் பதவியேற்பு நுழைவுச் சீட்டு குறித்த ஒரு முன்னாய்வு

அமெரிக்க அதிபர் பதவியேற்பதைக் கண்டோர் பலர். அதன் நுழைவுச் சீட்டை ஆய்ந்தோர் இலர். அதிபரின் உறுதிமொழி ஆங்கிலத்தில் 35 சொற்கள் என்று அறிஞர் பெருமக்கள் எண்ணிச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்க நின்றவர் கையில் இருந்த சீட்டு என்ன நிறம் என்ற வினாவை மட்டும் ஒருவரும் தொட்டாரில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது (இதன் இன்றியமையாமைக்குக் காண்க: இக்கட்டுரை).

முதற்கண் சீட்டின் தோற்றுவாய். சீட்டு விலைக்கு அன்று, இலவசம். அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளும் சேர்ந்து அமைக்கும் கூட்டுக் குழு ஒன்று 1901 முதல் இவ்விழாவை நடத்திவருகிறது. அச்சிட்ட சீட்டுகளை அக்குழு காங்கிரஸ் உறுப்பினர்களுக்குப் பங்கிடும். குடிமகன் தன் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கிடைத்தால் நேரில் போய் வாங்க வேண்டும். 2009இல் அச்சான சீட்டுகள் ஏறத்தாழ 2,40,000. பிரதிநிதிகள் அவை உறுப்பினருக்குச் சுமார் 200, செனட்டருக்குச் சுமார் 400.

இங்கே ஒரு நுட்பம். எந்த மாநிலமாயினும் செனட்டர் இருவரே. அந்நாளில் கலிஃபோர்னியாவின் மக்கள் மூன்றரைக் கோடிக்கு மேல். வயோமிங்கின் மக்கள் ஏறத்தாழ ஐந்தரை லட்சமே. செனட்டர் வழிச் சீட்டுக்கு வயோமிங்கார் கலிஃபோர்னியரைவிட 60 மடங்குக்கு மேல் பேறு பெற்றவர் ஆகிறார். எனவே சீட்டு வேண்டுவார் பிறக்கும் இடத்தை முன்கூட்டியே தேர்தல் நலம் (இக்கட்டுரையாளர், ‘ஊழும் செனட்டரும்’, எழுத எண்ணியுள்ள நூல், இரண்டாம் பதிப்பு).

இனி வகைப்பாடு. சீட்டு நோக்கில் மானிடர் மூவகையர்: பெற்றோர், பெறாதோர், பெற்றும் புகாதோர். ஈண்டுப் பெற்றோர் என்றது தாய் தந்தையரை அன்று; சொல்லைக் கொண்டுகூட்டி நெடுந்தொலைவு இழுக்கும் உரைவல்லார் இவ்விடத்தில் சற்றே கை வைக்காமலிருக்க.

பெறாதோர் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே நீளும் நேஷனல் மால் புல்வெளியில் போய் நிற்கலாம். அதற்குச் சீட்டு வேண்டியதில்லை. அவர்களைப் பற்றி ஆய்வதற்கும் ஒன்றுமில்லை.

பெற்றோர் நிறத்தால் பிரிவர். 2009இல் மஞ்சளும் ஆரஞ்சும் இருக்கை உடையன. ஊதா, நீலம், வெள்ளி மூன்றும் நிற்பன. வெள்ளியோ தொலைவில் நிற்பது. பிறப்பால் வேற்றுமை இல்லை என்று 1776இலேயே அறிக்கை எழுதிய நாடு, அட்டையின் நிறத்தால் வேற்றுமை உண்டு என்பதை அறிக்கை எழுதாமலே நடைமுறைப்படுத்தியது. பெருந்தொகை நன்கொடையாளர் இப்பகுப்பில் அடங்கார். அவர்களுக்கு விருந்து தனி.

மூன்றாம் வகையே இவ்வாய்வின் உயிர்நிலை. 2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்ற நாள், உறையும் குளிர், விடியுமுன்பே வந்துவிட்ட கூட்டம். ஊதாச் சீட்டினரைக் காவலர் மாலுக்கு அடியில் செல்லும் மூன்றாம் தெருச் சுரங்கச் சாலைக்குள் வரிசையாக அனுப்பினர். அவர்களும் நின்றார்கள். ஒரு மணி நேரம் அன்று, பல மணி நேரம். மேலே ஒபாமா, கீழே ஆயிரக்கணக்கானோர், நடுவே கான்கிரீட். நண்பகல் ஆயிற்று, உறுதிமொழியும் முடிந்தது, ஊதா இன்னும் சுரங்கத்தில். சீட்டில்லாதவன் புல்வெளியில் பெரிய திரையிலாவது பார்த்தான். சீட்டுடையவன் முன்னால் நின்றவரின் பிடரியைப் பார்த்தான். ஆகவே சீட்டாவது யாதெனின், இல்லாதவன் காண்பதை உள்ளவன் காணாவண்ணம் காப்பது என்க.

இவர்கள் பிற்பாடு ஃபேஸ்புக்கில் ‘ஊதாச் சுரங்கத்தில் பிழைத்தோர்’ என்ற பொருளில் ஒரு குழுவே தொடங்கினர். விழாக் குழு அவர்களுக்கு அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், படங்கள் ஆகியவற்றை நினைவுப் பொருளாக அனுப்ப முன்வந்தது. பந்தியில் இடம் கிடைக்காதவருக்கு இலையை மட்டும் தபாலில் அனுப்பும் இம்முறை, விருந்தோம்பலில் ஒரு புதிய துறை (இக்கட்டுரையாளர், ‘புகாப் புகழ்’, முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதம், பின்பக்கம், பென்சில் குறிப்பு, கடலை மடித்த பகுதி நீங்கலாக).

இன்னொன்றும் உண்டு. அன்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 35 சொற்களில் ஒன்றை இடம் மாற்றிச் சொல்ல, மறுநாள் வெள்ளை மாளிகையில் ஒரு சிலர் முன்னிலையில் ஒபாமா மீண்டும் உறுதிமொழி ஏற்றார். சொற்களை எண்ணிய அறிஞர்கள் இதைப் பக்கம் பக்கமாக எழுதினர். அவ்விரண்டாம் ஏற்புக்குச் சீட்டே அச்சிடப்படவில்லை என்பதை எழுதியவர் யாரேனும் உண்டா? ஊதாவினருக்கு ஒரே பதவியேற்பு இருமுறை தவறிய கணக்கு எந்தக் கருத்தரங்கிலாவது வாசிக்கப்பட்டதா?

2021இல் கொரோனாவால் பொதுமக்களுக்குச் சீட்டே இல்லை. அவர்களுக்குப் பதிலாக மாலில் 1,91,500 கொடிகளை நட்டனர். கொடிகள் நிறம் கேட்கப்படாமல் உள்ளே விடப்பட்டன.

புறனடை வருமாறு. 2025இல் 2,20,000க்கு மேல் சீட்டுகள் வழங்கியாயிற்று. விழாவுக்கு மூன்று நாள் முன்பு, கடுங்குளிர் என்று கூறி டிரம்ப் நிகழ்வை நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்டக் கூடத்துக்குள் மாற்றினார். அங்கே கொள்வது ஏறத்தாழ 600 பேர். எஞ்சிய சீட்டுகள் நினைவுச் சின்னம் ஆயின. அவை சீட்டாகுமோ எனின், ஆகும்; நிறம் உண்டு, அச்சு உண்டு, இடம் ஒன்றே இல்லை; ஊதாவுக்கு அது முன்பும் இருந்ததில்லை.

இதற்குமுன் 1985இல் ரீகனுக்கும் குளிரால் இதே கூடம். ரீகன், டிரம்ப் இருவருமே இரண்டாம் முறை பதவியேற்றவர்கள். ஆதலின் இரண்டாம் முறை ஏற்போருக்கே வாஷிங்டனில் குளிரும் என்பது இவ்வாய்வின் துணிபு. 2005இல் புஷ்ஷும் 2013இல் ஒபாமாவும் இரண்டாம் முறை பொது விழாவில் வெளியில்தான் உறுதிமொழி ஏற்றார்கள். அவ்விரண்டு ஆண்டுகளையும் இவ்வாய்வு எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.