உப்பு ஒத்தடமும் ஐஸ் பாரும்

1979ல் எங்கள் நைனா சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பார் தூக்கிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து படகுக்கு, பலகை வழியாக. தோளில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் பாரைச் சாய்த்துக்கொள்வார். மூலக்கொத்தளம் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வலது தோள் மட்டும் சில்லென்று இருக்கும். பிள்ளைகள் நாங்கள் கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்ப்போம்.

ஒருநாள் பலகையில் கால் வழுக்கி, பாரோடு விழுந்தார். உடைந்த ஐஸ் துண்டுகள் அவரைச் சுற்றிச் சிதறிக் கிடந்தனவாம். ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றித் தோளில் வைக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உடைந்த பாருக்கான காசை அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஆயா அடுப்பைப் பற்றவைத்தாள். உப்புக்கு எங்கள் பக்கம் என்ன பஞ்சம்? பக்கத்திலிருக்கும் ரயில்வே சரக்கு யார்டுக்கே சால்ட் கோட்டர்ஸ் என்று பெயர். உப்புக் கொட்டாரம் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆயிற்று. இரும்பு வாணலியில் கல்லுப்பைப் போட்டு, அது படபடவென்று வெடிக்கும்வரை வறுத்தாள். நைனாவின் பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டாள். தன் புறங்கையில் ஒருமுறை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் மகன் தோளில் ஒற்றினாள்.

"எம்மா, சுடுது."

"சுட்டாத்தான்டா ரத்தக்கட்டு கரையும். கம்னு படு."

விடிந்தபோது வீக்கம் இன்னும் ஏறியிருந்தது. நைனா சாக்கை இடது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

போன வருஷம் நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். அதே வலது தோள். மகள் ஓடியது ஃபிரிட்ஜுக்கு. ஜெல் பேக்கை டவலில் சுற்றி வைத்து, செல்போனில் 15 நிமிஷம் அலாரம் போட்டாள். இரண்டு மூன்று நாள் அப்படியே போயிற்று. வீக்கம் வடிந்து தோள் இறுகத் தொடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் பொண்ணு சொன்னாள்: "ஐயா, இனிமே ஐஸ் வேணாம். எக்சர்சைஸுக்கு முன்னாடி சூடா ஒத்தடம் குடுங்க." எனக்கு ஆயாவின் வாணலி ஞாபகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அடிபட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடு வைத்தால் ரத்தக் குழாய்கள் விரியும், வீக்கம் கூடும். குளிர்ச்சி அவற்றைச் சுருக்கி வலியை மரத்துப்போகச் செய்யும். நாள் கடந்து தசை இறுகிய பிறகு அதே சூடுதான் இளக்கித் தரும். ஆயாவின் மருந்தில் தப்பில்லை, ஒற்றிய நாள்தான் தப்பு. நைனா விழுந்ததற்கு முந்தைய வருஷம், 1978ல், அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நாலு வழி எழுதி உலகெங்கும் பரப்பினார். 2014ல் அவரே, ஐஸ் வலியைக் குறைத்தாலும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று திருத்திக்கொண்டார். ஆகவே ஆயாவின் ஒத்தடத்தைப் பட்டிக்காட்டு வைத்தியம் என்று கேலி செய்ய நான் யாரையும் விடமாட்டேன்.

என் கை ஆறே மாதத்தில் தலைக்குமேல் போயிற்று. தினமும் சுவரில் விரல்களை நடக்கவிட்டு, பென்சிலால் கோடு போட்டு, நேற்றைய கோட்டைத் தாண்டினேன். நைனாவின் கை அதற்குப் பிறகு தோளுயரத்துக்கு மேல் எழவே இல்லை. சட்டையில் முதலில் வலக்கையை நுழைத்துவிட்டுத்தான் மற்றதை மாட்டுவார். தலையை அம்மாதான் வாரிவிடுவாள். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஐஸும் உப்பும் மட்டுமா? எனக்குச் சம்பளத்தோடு 21 நாள் மெடிக்கல் லீவு கிடைத்தது. அவருக்கு ஒரு நாள்கூட இல்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1982ல்தான்.

சுமை தூக்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். புது அடிக்கு ஐஸை வெறும் தோலில் வைக்காதீர்கள், துணியில் சுற்றி வையுங்கள். சர்க்கரை இருந்து தோல் மரத்துப்போனவர்கள் சூட்டையும் ஐஸையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கை தூக்க வரவில்லையென்றால் ஒத்தடத்தை நம்பி நாளைத் தள்ளாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். மூட்டை தூக்க ஆள் வைத்திருக்கும் முதலாளிகளே, விழுந்தவருக்குப் பத்து நாள் கூலியோடு லீவு கொடுங்கள்.