வால் எண் 200

வங்கிக் கிளைகளுக்கு ரூட்டர் பொருத்தப் போய்வந்த நாட்களில், எந்த ஊருக்குப் பஸ் ஏறினாலும் என் தோள்பையில் சிஸ்கோ ரூட்டரோடு வரும் அந்தத் தட்டையான வெளிர்நீலக் கன்சோல் கேபிள் சுருட்டிக் கிடக்கும். போய் இறங்கியதும் லேப்டாப்பில் ஹைப்பர் டெர்மினலைத் திறந்து, வேகத்தை 9600 என்று வைத்து என்டரைத் தட்டிவிட்டு, ரூட்டரின் பெயர் திரையில் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். உங்களில் சிலரும் அப்படிப் பார்த்திருப்பீர்கள்.

கிளைக்கு 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன். அது அறுந்தால் கைகொடுக்க ஐஎஸ்டிஎன். ரூட்டரில் இரண்டே இரண்டு ஸ்டாட்டிக் ரூட் எழுதுவோம். முதலாவது லீஸ்டு லைன் பக்கம் போகும். இரண்டாவது ஐஎஸ்டிஎன் பக்கம் போகும், அதன் வாலில் மட்டும் 200 என்று ஓர் எண் இருக்கும். எந்த வழியை முதலில் நம்புவது என்று ரூட்டருக்குச் சொல்லும் எண் அது, சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை. சும்மா எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 1, ஓஎஸ்பிஎஃப் கற்றுத்தரும் வழிக்கு 110. 200 போட்ட ரூட், முதல் ரூட் உயிரோடு இருக்கும்வரை ரூட்டிங் டேபிளில் தலைகாட்டாது.

வேலை முடிந்ததும் லீஸ்டு லைன் கேபிளை உருவிவிட்டு, ரூட்டரின் பின்புறம் குனிந்து பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் பி1 விளக்கு எரியும். கணக்கு மென்பொருள் திணறினால் பி2வும் எரியும். ஆளுக்கு 64 வீதம் 128 கேபிபிஎஸ். கவுன்ட்டரிலிருந்து "சார், வந்துருச்சு!" என்று குரல் கேட்கும்போது, மேலாளர் வரவழைத்த டீ ஆறிப்போயிருந்தாலும் இனிக்கும். அந்தப் பச்சை விளக்குகளை இன்றைக்கும் தேடுகிறேன்.

பிறகு லீஸ்டு லைன் போய், மாடியில் ரேடியோ வந்தது. வேகம் பல மடங்கு. ரூட்டருக்குள் நுழைவது சாதாரண ஈதர்நெட் கேபிள். நானும் அதே இரண்டு ரூட்டை, அதே 200 வாலோடு எழுதிவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பினேன். ஒரு மாதத்தின் முதல் தேதி, தூரத்துக் கோபுரத்தில் ஏதோ பழுது. கிளை நின்றது, பேக்கப் எழவில்லை. ஓய்வூதியம் வாங்க வந்த பெரியவர்கள் மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால் போர்ட் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மாடியில் இருக்கும் ரேடியோ பெட்டிவரை கேபிள் நன்றாக இருந்ததால், முதல் வழி உயிரோடு இருப்பதாகவே ரூட்டர் நம்பிக்கொண்டிருந்தது.

பழைய சீரியல் லைன் 10 விநாடிக்கு ஒருமுறை எதிர்முனையை விசாரித்துக்கொண்டிருந்ததும், மூன்று முறை பதில் வராவிட்டால் தானே படுத்து அடுத்த வழிக்கு இடம்விட்டதும் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்த விசாரிப்பை ஈதர்நெட்டில் நாம்தான் எழுதித்தர வேண்டும். ஐபி எஸ்எல்ஏ வைத்துத் தலைமையகத்து ரூட்டரை இடைவிடாமல் பிங் செய்யவைத்து, அதன் முடிவை முதல் ரூட்டோடு ட்ராக் போட்டுக் கட்டினேன். பிங் நின்றால் ரூட் விலகும், 200 எழும்.

இப்போது கிளைகளில் சிம் செருகிய சின்னப் பெட்டி. லைன் மாறுவது கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரிவதேயில்லை. அவர்களுக்கு அது நல்லதுதான், எனக்குத்தான் அந்தக் குரல் இல்லாமல் போனது.

ரூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கத்துக் கேபிளை உருவிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். அப்போது போர்ட் இறங்கிவிடும், பேக்கப் எப்படியும் எழும். எதிர்முனையில் லைனை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை, முதல் தேதிக்கு முன்னால்.