டேஷ்போர்டு மாமா

மும்பை செம்பூரில் டேஷ்போர்டு மாமாவை அடையாளம் காண அவருடைய காரைத் தேட வேண்டாம். விரல்களைப் பார்த்தால் போதும். நுனியெல்லாம் பசை காய்ந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கும். சேடா நகர் முருகன் கோயிலில் பிரதட்சிணம் வரும்போதும் அதை நகத்தால் உரித்துக்கொண்டேதான் வருவார். “என்ன மாமா, கையில?” என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேர மாட்டார்.

பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். படிப்பு மாட்டுங்காவில். உத்தியோகம் ஏதோ ஒரு வங்கியில், அல்லது மாஹுல் எண்ணெய் ஆலையில், அல்லது டிராம்பே அணு நிலையத்தில். எங்கிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் வண்டி மட்டும் பிரீமியர் பத்மினிதான். அதைப் பற்றிப் பேசும்போது குலப்பெருமை பேசுவதுபோல் குரல் தாழும். “குர்லாவில பொறந்த வண்டி. இங்கேர்ந்து ரெண்டே ஸ்டேஷன். 1964-ல ஃபியட் டிலைட்டுன்னு வந்தது, அப்புறம் பிரசிடென்ட், 1974-ல பத்மினி.” பத்மினி டாக்ஸிகளில் கடைசியானது 2003 அக்டோபர் 29-ல் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்ஸிக்கு உச்ச வயது 20 என்பதால் 2023 அக்டோபரோடு அதற்கும் ஓய்வு. ஊரே பழைய படங்களைப் பகிர்ந்து கண்ணீர் விட்டது. மாமா மட்டும் அசையவில்லை. “டாக்ஸிக்குத்தான் வயசு வரம்பு. சொந்த வண்டிக்கு 15 வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருதரம். அவ்வளவுதானே!”

ஆர்.டி.ஓ.வைச் சமாளித்துவிட்டார். வெயிலைத்தான் சமாளிக்க முடியவில்லை. டேஷ்போர்டின் வினைல் மேல்தோலில் அதை இளக்கமாக வைத்திருக்க ஒரு ரசாயனம் கலந்திருக்கும். மூடிய காரின் சூட்டில் அது வருஷக்கணக்காக ஆவியாகிக்கொண்டே இருக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் படியும் எண்ணெய்ப் புகை அதுதான். அது போகப் போகத் தோல் விறைத்து, ஒருநாள் வெடிக்கும். மாமா இந்த விஞ்ஞானத்தை அட்சரம் பிசகாமல் விளக்குவார். விளக்கி முடித்துவிட்டு, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுவார். “தலைக்கு ஆறது டேஷ்போர்டுக்கு ஆகாதா?” செம்பூரின் தூசியெல்லாம் எண்ணெயில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பெரிய வேலையில் இறங்குவார்.

‘வீட்டிலேயே செய்வது’ என்றால் மற்ற ஊர்களில் கார் கொட்டகையில் செய்வது. மும்பையில் வீட்டிலேயே என்றால் வீட்டிலேயேதான். சொசைட்டி வளாகத்தில் காரைக் கழற்றிப் போட்டால் செக்ரட்டரி நோட்டீஸ் அனுப்புவார். ஆகவே டேஷ்போர்டு லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்கு வந்து, ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் படுத்துக்கொள்ளும். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். “ஏன்னா, இதை நீங்க எடுக்கறேளா, இல்லே நான் பொறந்தாத்துக்குப் போகட்டுமா?” என்று மாமி கேட்பாள். பிறந்தகம் மாட்டுங்காவில்தான், பஸ்ஸில் போய்விடலாம். அதனால் அந்த மிரட்டலுக்கு வலு கிடையாது.

டேஷ்போர்டைக் கழற்றும்போது எடுத்த எடுப்பில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும் என்று புத்தகம் சொல்லும். மாமா அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்வார். டேஷ்போர்டின் மேல் இருபது முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டு வழி காட்டிய பிள்ளையாரை நல்ல நேரம் பார்த்துப் பெயர்த்தெடுத்து, பூஜை அலமாரியில் பாலாலயம் செய்து வைப்பார். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்வரை பிள்ளையாருக்கு அங்கேதான் வாசம். நைவேத்தியம் உட்பட எல்லாம் முறைப்படி நடக்கும்.

அடுத்தது சாமான் சேகரிப்பு. உடைந்த கிளிப்புக்குக் குர்லா சி.எஸ்.டி. ரோட்டின் பழைய உதிரிபாகக் கடைகளைச் சல்லடை போடுவார். அங்கே இல்லையென்றால் சோர் பஜார். மேலே போர்த்தத் தோல் வாங்கத் தாராவி. காலா கில்லா பக்கம் வரிசையாகத் தோல் கடைகள் இருக்க, மாமா அவற்றை விட்டுவிட்டு உள் சந்தில் ஒரு திருநெல்வேலிக்காரரின் பட்டறைக்குப் போவார். ‘எனக்கு உள் ஆள் தெரியும்’ என்று பிறகு சொல்லிக்கொள்ள வேண்டுமே!

“அண்ணாச்சி, அசல் தோல் காட்டுங்கோ. டேஷ்போர்டுக்கு.”

“தோலு வேண்டாம் சார். நம்ம வெயிலுக்குச் சுருங்கி ஓரமெல்லாம் தூக்கிரும். நல்ல ரெக்சின் தாரேன். அடியில பனியன் துணி வச்சது, எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும். 54 இஞ்சு அகலம், ஒன்றரை மீட்டர் போதும்.”

“அதையே குடுங்கோ.”

“வண்டியையும் கொண்டாங்க. ரெண்டு நாள்ல ஒட்டித் தந்துருதேன்.”

“வேண்டாம் வேண்டாம். நானே பண்ணிக்கப் போறேன்.”

அண்ணாச்சி மாமாவை ஏற இறங்கப் பார்ப்பார். “சரி சார். அப்ப ரெண்டு மீட்டரா வாங்கிக்கிடுங்க.”

கூடுதல் அரை மீட்டர் எதற்கு என்பது மாமாவுக்குப் பசை போடும் நாளில் புரியும். வெடிப்பைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய ஃபோம் ஒட்டும்வரை வேலை ஒழுங்காகத்தான் நடக்கும். சிக்கல் எல்லாம் சொல்யூஷன் எனும் பசையில். இதை இரண்டு பக்கமும் தடவிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். சேர்த்தபின் பிரிக்க முடியாது. நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதரால் பதினைந்து நிமிஷம் சும்மா இருக்க முடியாது. நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்ப்பார். விரல் பொருக்கின் மூலம் இதுதான்.

போதாததற்கு, கோடையில் உஷ்ணம் அதிகம் என்று வேலையைத் தள்ளிப்போட்டு ஜூன் மாதம் ஆரம்பித்திருப்பார். மழைக்காலத்தில் பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். பசை வெள்ளை பூத்துப் பிடிப்பை இழக்கும். அதை உலர்த்த மகளின் ஹேர் டிரையர் வரும். ரெக்சினைச் சூடாக்கி வளைவுகளில் இழுத்து உட்கார வைக்கவும் அதேதான். வளைவில் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடத்தில் வெட்டித் தைத்தால் சரியாகும் என்று மாமி சொல்வாள். “இது ரவிக்கை இல்லே” என்று மாமா சீறுவார். மறுநாள் மாமா பால் வாங்கப் போன சமயத்தில் மாமி தைத்து வைத்திருப்பாள். திரும்பி வந்து பார்த்துவிட்டு, “நேத்து நான் போட்ட மார்க்கிங் சரியாத்தான் இருந்திருக்கு” என்பார்.

இதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். கார் கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சண்முகானந்தா ஹால் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காண்டீனுக்கு எழுந்து வரும் மாட்டுங்கா நண்பர்கள், “என்ன ஓய், டேஷ்போர்டு ஆச்சா?” என்று விசாரிப்பார்கள். மாமா காபியை ஆற்றிக்கொண்டே பதில் சொல்வார். “இந்த ஹாலே 1990-ல தீப்பிடிச்சு 1998-லதானே மறுபடி தெறந்தது. எட்டு வருஷம் பொறுத்தேளே, எனக்கு எட்டு மாசம் பொறுக்கப்படாதா?” பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒரு சுபதினத்தில் டேஷ்போர்டு கீழே இறங்கும். வாச்மேன் ஒரு முனையைப் பிடிப்பான். எந்த ஒயர் எங்கே என்று மாமா ஒட்டிவைத்த சீட்டுகள் ஈரத்தில் உதிர்ந்துவிட்டதால், சொசைட்டி எலக்ட்ரீஷியன் வந்து இணைப்பான். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஓரம் தூக்கிக்கொண்ட இரண்டு இடங்களைத் தாராவி அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அழுத்தி ஒட்டிவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் போவார். ஒரு கைப்பிடி ஸ்க்ரூ மிச்சமாகும். “கம்பெனிக்காரன் அனாவசியமாப் போட்டது” என்று மாமா அவற்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடுவார். பிள்ளையார் பழைய இடத்தில் எழுந்தருளுவார், எலுமிச்சம்பழம் நசுங்கும், வண்டி மாட்டுங்காவுக்கு வெள்ளோட்டம் கிளம்பும்.

கிங்ஸ் சர்க்கிளில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்: “எல்லாம் நானே பண்ணினது.” பின்சீட்டில் மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மாமா பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. காரை நிறுத்தவே இடமில்லாத ஊரில், தையல் தெரிந்தவரையும் ஒயர் தெரிந்தவரையும் பசை தெரிந்தவரையும் ஒரு வேலைக்குக் கூட்டிச் சேர்த்து, கடைசிவரை யாரையும் கோபித்துக்கொண்டு போகவிடாமல் வைத்திருந்தாரே, அது அவர் ஒருவர் செய்ததுதான். கடையில் கொடுத்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அண்ணாச்சி அந்த வீட்டில் காபி குடித்திருக்க மாட்டார்.

டேஷ்போர்டு மாமாக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பத்மினி முடிந்த கையோடு பையனுடைய புதுக் காரின் மேல் உங்கள் கண் விழுந்திருப்பதை நாங்கள் கவனித்தோம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களில் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை கட்டாயம். பிறகு முன்சீட்டில் பக்கத்தில் அமர்பவருக்கும் கட்டாயமானது. அவருக்கான பை டேஷ்போர்டுக்குள்தான் மடிந்து கிடக்கிறது. மோதிய கணத்தில் மேல்மூடியைப் பிளந்துகொண்டு அது வெளியே வர வேண்டும். நீங்கள் இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி ரெக்சின் போர்த்தினால் அதற்கு வழி இருக்காது. அந்த வண்டியின் டேஷ்போர்டு வெடித்தால் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பத்மினியில் அப்படி எந்தப் பையும் கிடையாது. ஆகவே அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒட்டுங்கள், பிரியுங்கள், மறுபடி ஒட்டுங்கள்.